கிழக்கு அறையின் பதினான்கு மூட்டைகள்

காலை ஏழே முக்காலுக்குத் தொல்லியல் துறையின் கணினி அறையில் டீச்சரைத் தவிர வேறு யாரும் இல்லை. பழைய ஃபேன் ஒன்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. நான்கு வருட ஆய்வு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கரை சேர வேண்டும். செய்ய வேண்டியவை என்று எழுதி வைத்திருந்த தாளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு வரைபடம்.

அது வெளித்தேர்வாளர் கேட்டது. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற அவருக்குத் தொல்லியல் மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. அவர் கைபட்ட ஆய்வேடு பாதியாகத்தான் திரும்பும் என்பார்கள். தன் முன்னறிக்கையின் கடைசி வரியில், போகிற போக்கில், 'இரண்டு அறைகளிலும் கிடைத்த பொருட்களின் அளவுப் பரவலை ஒரு படமாகக் கொண்டுவரவும்' என்று எழுதியிருந்தார். அரை மணி நேர வேலை. அதனாலேயே கடைசி நாள்வரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டது.

அவள் உண்மையிலேயே டீச்சராக இருந்தவள். பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு, முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டுவிட்டு முதுகலை வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் முதல் நாளே அவள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்கள், பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்து. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

ஆய்வேட்டின் உயிர் ஐந்தாவது அத்தியாயத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தோண்டிய ஒரு பழைய வீடு. அதில் இரண்டே அறை. மேற்கு அறையில் நானூற்றுப் பன்னிரண்டு பொருட்கள்: கண்ணாடி மணிகள், உடைந்த ஊசி, மீன் முள், ஓட்டுச்சில்லு. கிழக்கு அறையில் வெறும் முப்பத்தேழு. அந்த வீட்டுக்காரர்கள் உடம்போடு ஒட்டிய சின்னச் சின்னப் பொருட்களைக் கிழக்கு அறைக்குள் விடாமல், வேண்டுமென்றே சுத்தமாக வைத்திருந்தார்கள். பானை வனைவதைப்போல வெறுமையையும் அவர்கள் வனைந்தார்கள். இதுதான் அவளுடைய வாதம். 'வெறுமையும் ஒரு பொருள்' என்று அத்தியாயத்துக்குத் தலைப்பு. கருத்தரங்குகளில் கைதட்டு வாங்கிய தலைப்பு. அந்த ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் ஒரு கல்லூரி அவளுக்கு விரிவுரையாளர் வேலை கொடுத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், கையில் தேர்ச்சிக் கடிதத்தோடு.

படம் திரையில் வந்தது. மேற்கு அறைக்கான கோடுகள் மூன்று மில்லிமீட்டரில் தொடங்கி மலைச்சரிவு போல ஏறி இறங்கின. கிழக்கு அறைக்கான கோடுகள் பத்தொன்பது மில்லிமீட்டரில் தொடங்கின. அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை. சரிவே இல்லாமல் சுவர்போலச் செங்குத்தாக நின்றது.

டீச்சர் எண்களைச் சரிபார்த்தாள். மறுபடியும் சரிபார்த்தாள். பிறகு தன் வலது கைக் கட்டைவிரலின் அகலத்தைப் பார்த்தாள், ஏறக்குறைய அதே பத்தொன்பது மில்லிமீட்டர்.

துடைப்பம் பெரியதைத்தான் முதலில் அள்ளும். சின்னது தரைப் பிளவுக்குள் ஒளிந்துகொள்ளும். கூட்டிப் பெருக்கிய அறை என்றால் பெரியது போயிருக்க வேண்டும், பொடிசு மிஞ்சியிருக்க வேண்டும். முதுகலை முதல் பருவத்திலேயே படித்த பாடம். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருப்பதை மட்டும் அளந்து அளந்து அப்புறப்படுத்திய குடும்பம் உலகத்தில் எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. அப்படிப் பிரிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மண்ணைச் சலிக்காமல், கண்ணால் பார்த்து விரலால் பொறுக்கும் கை.

அவள் பையிலிருந்து பேராசிரியரின் அகழாய்வு அறிக்கையை எடுத்தாள். முப்பத்தோராம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். 'அனைத்து மண்ணும் மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கப்பட்டது.' இந்த வரியை அவள் தன் ஆய்வேட்டில் நான்கு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தாள். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு வந்தவளைப் போல எழுந்து நின்றாள்.

போன் அதிர்ந்தது. கணவர். பஸ் நிலையத்தில் டைம்கீப்பர்; அவருக்கு உலகம் முழுக்கப் புறப்பாடும் வருகையும்தான்.

"இன்னும் ரெண்டு மணி ஐம்பத்தொரு நிமிஷம். என்ன, பிளாட்பாரத்துல வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"குரல் ஏன் டயர்ல காத்து போன மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க. ஒரு படம் போட்டுட்டிருக்கேன்."

"உன் பொண்ணு கதவுல ஒட்டறதுக்குப் பேர்ப்பலகை பண்ணிட்டா. முனைவர்னு பெருசா எழுதி, பசை காயட்டும்னு ஜன்னல்ல வெச்சிருக்கா. தொடாதீங்கப்பான்னு எனக்கு உத்தரவு."

"காயட்டும்," என்றாள் டீச்சர். போனை வைத்துவிட்டு, படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கீழே இறங்கினாள்.

துறையின் கிடங்கு அடித்தளத்தில் இருந்தது. இரும்பு அலமாரிகள், அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தொங்கும் சீட்டுகள். அதற்குக் காப்பாளர் பூட்டக்கா. நாற்பத்தொரு வயது, இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து, துணைவேந்தரே வந்தாலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் ஒரு ஓட்டுத்துண்டைக்கூட வெளியே விடமாட்டாள் என்று பெயர். அவள் அப்போதுதான் வந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், கல்யாணப் பொண்ணு மண்டபத்துக்குப் போகாம குடோனுக்கு வந்திருக்கீங்க?"

"அக்கா, கிழக்கு அறை தோண்டுனப்போ நீங்க அங்க இருந்தீங்களா?"

துடைக்கிற கை நின்றது. "இருந்தேன். சல்லடை பிடிச்சது நான்தான். பத்தொன்பது வயசு. தினக்கூலி."

மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கு நாள் இங்கே வந்து மணிகளை எண்ணியிருக்கிறாள் டீச்சர். பூட்டக்கா பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாள், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டின் மண்ணையே சலித்த கை அது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. இதுவரை கேட்கத் தோன்றியதே இல்லை.

"கிழக்கு அறை மண்ணைச் சலிச்சீங்களா?"

பூட்டக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். துணியை நான்காக மடித்தாள்.

"யார் கேக்கச் சொன்னது?"

"யாருமில்ல. நான்தான் கேக்கறேன்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, பரீட்சைக்கு மூணு மணி நேரம் இருக்கறப்ப." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சல்லடை கிழிஞ்சு போச்சு டீச்சர். நடுவுல ஒரு முழத்துக்குக் கிழிசல். புதுசு வர ஒன்பது நாள் ஆச்சு. வேலை நிக்கக் கூடாது, கையால பொறுக்குங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. அந்த ஒன்பது நாள்லதான் கிழக்கு அறை முழுசா தோண்டி முடிஞ்சுது. அவர் இப்ப உயிரோட இல்ல."

"பேராசிரியர்?"

"அவர் ஊருக்குப் போயிருந்தார். பொண்ணு பொறந்த நேரம். திரும்பி வந்தப்போ சல்லடை புதுசா இருந்துச்சு, நாங்க அடுத்த குழியில இருந்தோம்."

"யாரும் சொல்லலையா அக்கா?"

"யாரும் கேக்கலையே." அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "உங்க ரெண்டாவது அத்தியாயம் படிச்சேன். பெட்டிக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டீங்க ஒரு நாள். தோண்டியவங்க குரல் ஆவணத்துல இல்லைன்னு பத்தொன்பது பக்கம். படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. குரல் இங்க உக்காந்து உங்களுக்கு டீ ஆத்திட்டு இருக்கு."

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

"என் பேரைச் சொல்லிடாதீங்க," என்றாள் பூட்டக்கா, இப்போது மெதுவாக. "அவர் சிபாரிசுல கெடச்ச வேலை இது. சலிக்காத மண்ணைக் கொட்டுனவ இவதான்னு எழுதிட்டாங்கன்னா, காப்பாளர்னு என்னை எவன் நம்புவான்?"

"சொல்ல மாட்டேன்."

பிறகு டீச்சரின் கண் அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. அங்கே வாய் தைத்த சாக்கு மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு அறையையும் தோண்டுவதற்காகச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒரு மூட்டை மண்ணைப் பிற்காலச் சோதனைக்கென்று தொடாமல் எடுத்துவைப்பது பேராசிரியரின் வழக்கம். கிழக்கு அறைக்குப் பதினான்கு மூட்டை. இருபத்திரண்டு வருடமாக எந்தச் சல்லடையும் பார்க்காத மண்.

"ஒண்ணைத் திறக்கணும் அக்கா."

"பைத்தியமா? திறந்தா திறந்ததுதான். சலிச்ச மண்ணைத் திரும்ப மூட்டையில கட்ட முடியாது. கையெழுத்து இல்லாம சாவி வராது."

"தெரியும். வாங்கிட்டு வரேன்."

பேராசிரியரின் அறையில் புதிதாகத் துடைத்த மேசையில் மூன்று கோப்பை, ஒரு தட்டு பிஸ்கட், கத்தரியை வரவேற்க. சலவைச் சட்டையில் அவர் தன் மாணவியைவிடப் பதற்றமாக இருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம். டீச்சர் படத்தை மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். படத்தில் நின்ற அந்தச் சுவரைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சலிக்கலையா?"

"அப்படித்தான் தெரியுது சார்."

"சலிக்கணும்னு எழுதி வெச்சுட்டுப் போனேனே." அவர் யாரிடமோ முறையிடுவது போலச் சொன்னார். "ஒன்பது நாள். ஒன்பதே நாள் நான் அங்க இல்ல."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தேர்வுக்கூடம் தயாராகிறது.

"மூட்டை ஒண்ணைச் சலிச்சுப் பாத்துடறேன் சார். ஒண்ணுமில்லைன்னா அத்தியாயம் நிக்கும். இருந்தா..."

"இன்னைக்கு வேண்டாம்மா." அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "தேர்வு முடியட்டும். அடுத்த மாசம் நிதானமா சலிப்போம். ஒரு கட்டுரையாவே போட்டுடலாம், நீயும் நானும் சேர்ந்து. நம்மளே நம்ம தப்பைத் திருத்திக்கிட்ட மாதிரி இருக்கும். திங்கக்கிழமை வேலையில சேரணும் உனக்கு. இன்னைக்கு அந்த மூட்டையைத் திறந்தா, அதுல என்ன இருந்தாலும், தெரிஞ்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். திறக்கலைன்னா தெரியாமப் போகலாம். தெரியாதது பொய் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லவில்லை அவர். பூசணிக்காய் இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"படத்தைக் கேட்டது அவர்தானே சார்? அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்தா?"

பேராசிரியர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். கடைசியில் அவள் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மூட்டை எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

"எண்ணை நீயே எழுதிக்கோ," என்றார். "எழுதறதும் எழுதாததும் உன் பாடு." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, விருந்தாளியை அழைத்துவர வாசலுக்குப் போனார்.

ஒன்பது இருபதுக்கு டீச்சர் கிடங்கு மேசையில் 'ஏழு' என்று எழுதினாள். அறையின் நடுச் சதுரம். பூட்டக்கா படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

திறப்பதற்கு முன்னால் டீச்சர் ஒரு சின்னக் காகிதம் கிழித்து, எழுதி, மடித்து, அவளிடம் கொடுத்தாள். "இதைப் பிரிக்காம வெச்சுக்குங்க."

"என்ன, லாட்டரிச் சீட்டா?"

"மேற்கு அறை மண்ணுல மூட்டை அளவுக்குப் பதினோரு பாசிமணி கெடச்சிருக்கு. இதுல எத்தனை வரைக்கும் கெடச்சா என் அத்தியாயம் தாங்கும்னு எழுதியிருக்கேன். அப்புறமா நான் மனசை மாத்திக்கக் கூடாதில்ல."

பூட்டக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். காகிதத்தைச் சாவிக்கொத்து வளையத்தில் செருகிக்கொண்டாள்.

கட்டடத்தின் பின்பக்கம் பானை ஓடுகள் கழுவும் குழாயடி. மூட்டையின் தையலைப் பிரித்ததும் வறண்ட, பழைய மண்ணின் வாசனை எழுந்தது. டீச்சர் பெரிய தகரக் குவளையால் முதல் முகவை மண்ணை முகந்து சல்லடையில் கொட்டித் தண்ணீரைத் திறந்தாள். சேறு சட்டென்று சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டது. ஆட்டிப் பார்த்தாள், சேறு அசையவில்லை, அவள்தான் ஆடினாள். மணி ஒன்பது முப்பத்தைந்து. மூட்டையில் இன்னும் இருபது முகவையாவது இருக்கும்.

"தள்ளுங்க," என்றாள் பூட்டக்கா. சட்டைக்கையை முழங்கைவரை மடித்தாள். "பூனைக்குட்டியைக் குளிப்பாட்டற மாதிரி ஆட்டுனா சாயந்திரம் ஆயிடும்."

அவள் மணிக்கட்டு சுழன்றது. இருபத்திரண்டு வருடம் பேனாவும் சாவியும் பிடித்த கை அந்தச் சுற்றை மறக்கவில்லை. சேறு கரைந்து ஓடியது. மிஞ்சியதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். டீச்சர் இடுக்கியால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். சரளை. கரித்துண்டு. வேர். சரளை.

ஐந்தாவது முகவை. ஒன்றுமில்லை. எட்டாவது. ஒன்றுமில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மூட்டை பாதியாகியிருந்தது. டீச்சருக்குள் ஒரு சந்தோஷம், கேட்காமலே, திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தது. சலிக்காவிட்டால் என்ன, அறை நிஜமாகவே வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது! தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலில் பசை காய்ந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமைக்கு எந்தப் புடவை என்றுகூட மனம் ஒரு கணம் போய் வந்தது.

போன் அதிர்ந்தது. ஈரக் கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒரு மணி எட்டு நிமிஷம். அங்க என்ன தண்ணிச் சத்தம்? பரீட்சைக்குப் போறியா, பாத்திரம் கழுவப் போறியா?"

"ரெண்டும்தான். அப்புறம் பேசறேங்க."

பன்னிரண்டாவது முகவையில் பூட்டக்காவின் மணிக்கட்டு நின்றது.

"டீச்சர்."

அவள் தட்டில் கவிழ்க்கவில்லை. சல்லடையையே நீட்டினாள். கம்பிக் கண்ணில் சிக்கி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை நிறத்தில் ஒரு மணி. ஈரத்தில் கண் சிமிட்டுவது போல மின்னியது. இவ்வளவு அழகாக அது இருந்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

பதினான்காவதில் ஒன்று. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பதினேழாவதில் பாதி உடைந்த ஒரு சிவப்பு மணி. கடைசிக்கு முந்தியதில் இன்னொரு பாதிச் சிவப்பு மணி. பத்து நாற்பதுக்கு மூட்டை காலி. இரண்டு முழுசு, இரண்டு பாதி.

"சீட்டைப் பிரிக்கட்டுமா?" என்றாள் பூட்டக்கா.

"பிரிங்க."

காகிதத்தில் 'மூன்று' என்று இருந்தது.

பூட்டக்கா தட்டைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "ரெண்டு பாதி சேர்ந்தா ஒண்ணுதானே? அப்ப மூணு. நீங்க தப்பிச்சீங்க!"

டீச்சர் இரண்டு பாதிகளையும் விரல்நுனியில் எடுத்தாள். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தாள். சேர்ந்த மாதிரி இருந்தது. லேசாகத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் சேர்ந்த மாதிரி இருந்தது. ஒரே சிவப்பு. பதினெட்டு நிமிடம் இருந்தது, உள்ளே நாற்காலிகள் போட்டாகிவிட்டது, ஒட்டுகிறது என்று அவள் சொன்னால் மறுக்க இந்த உலகத்தில் ஆள் இல்லை.

துளையில் ஒரு தலைமுடியை நுழைத்தாள். ஒன்றில் தாராளமாகப் போனது. இன்னொன்றில் நுழையவில்லை.

"வேற வேற மணி அக்கா," என்றாள். "நாலு."

தேர்வுக்கூடத்தில் பின்வரிசையில் மாணவர்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் கத்தரி. ஆள் பார்க்கச் சாதுவாக, கசங்கிய சட்டையில், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் பேராசிரியர், மேசையில் கைகளைக் கோத்து வைத்தபடி. டீச்சரின் ரவிக்கைக் கையும் புடவை ஓரமும் ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க ஆய்வைப் பத்து நிமிஷத்துல சொல்லுங்கம்மா," என்றார் கத்தரி. எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி. அதற்கென்று அவள் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் போதும் சார்." "முதல் நாலு அத்தியாயத்துக்கும் நான் பொறுப்பு, என்ன வேணும்னாலும் கேளுங்க. ஐந்தாவது தப்பு. கிழக்கு அறை வெறுமையா இல்ல. அங்க தோண்டின மண்ணைச் சலிக்கல. நான் வெறுமைன்னு எழுதினது கிழிஞ்ச சல்லடையை." படத்தை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் நான்கு மணிகள் இருந்த சின்ன மூடி போட்ட டப்பாவை வைத்தாள். "இது காலையில ஏழாம் மூட்டையில கெடச்சது."

பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. கத்தரி படத்தை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க இதைக் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?" கேட்கக் கூடாது என்று நினைத்திருந்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"இல்லம்மா. நான் எல்லார்கிட்டயும் இந்தப் படத்தைக் கேப்பேன். எல்லாரும் கொண்டுவருவாங்க. கொண்டுவந்தவங்க ஒருத்தரும் அதைப் பாத்திருக்க மாட்டாங்க." அவர் சிரிக்கவில்லை. "சரி. கிழிஞ்ச சல்லடைன்னீங்க. அது எப்படித் தெரியும்? அறிக்கை வேற சொல்லுதே. முப்பத்தோராம் பக்கம்."

"படத்துல தெரியுது. மூட்டையும் காட்டுது."

"சலிக்கலைன்னு காட்டும். கிழிஞ்சுதுன்னு காட்டாது. யாரோ சொல்லியிருக்காங்க. யாரு?"

அவள் கண் கூடத்தைச் சுற்றியது. கதவோரத்தில் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி பூட்டக்கா நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். டப்பா கிடங்கை விட்டு வெளியே வந்திருக்கிறது. கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள். சாவிக்கொத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள், சத்தம் வராமல்.

"சொல்ல முடியாது சார்," என்றாள் டீச்சர்.

"ஆதாரத்தை மறைக்கறீங்க."

"ஆமா சார்."

"அது சரியில்லையேம்மா. ஒரு தப்பை ஒத்துக்கிட்டு இன்னொண்ணைக் கையில வெச்சிருக்கீங்க."

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. பேராசிரியர் எழுந்து நின்றிருந்தார். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று மறந்தவர் போல ஒரு கணம் நின்றார்.

"அந்த ஒன்பது நாள் தளத்துல நான் இல்ல," என்றார். "அறிக்கை எழுதறப்போ அந்த நாட்களோட குறிப்பை நான் எடுத்துப் பார்க்கல. என் உத்தரவைத்தான் எழுதினேன், நடந்ததை எழுதல. அங்க வேலை செஞ்சவங்க சொன்னபடிதான் செஞ்சாங்க. முப்பத்தோராம் பக்கம் என்னோடது." உட்கார்ந்தார். தன் அறையிலிருந்து இங்கே வந்திருந்த பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

கத்தரி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் முதல் நான்கு அத்தியாயங்களை அவர் பேருக்கேற்றபடி வெட்டினார். டீச்சர் பதில் சொன்னாள். சிலவற்றுக்குப் பதில் இல்லை என்றாள்.

முடிவைச் சொல்லப் பக்கத்து அறையில் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பட்டம் இப்போதைக்கு இல்லை. ஆறு மாதத்துக்குள் மிச்சம் பதின்மூன்று மூட்டையையும் சலித்து, ஐந்தாவது அத்தியாயத்தை அடியிலிருந்து எழுதி, மறுபடி வர வேண்டும். கல்லூரிக் கடிதம் அவள் பையில் இருந்தது. திங்கட்கிழமை என்பதை அதில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் பதிவேடு வந்து விழுந்தது.

"டப்பாவுக்குக் கையெழுத்துப் போடுங்க. சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டு வந்துட்டீங்க."

போட்டாள். பூட்டக்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"வேலை போச்சா?"

"போச்சு."

"சொல்லியிருக்கலாம் என் பேரை. அவரே ஒத்துக்கறாரு, நான் என்னத்துக்கு ஒளிஞ்சு நிக்கணும்?" சாவிக்கொத்தைச் சுழற்றினாள். "திரும்ப எழுதறீங்க இல்ல, அதுல போடுங்க. சல்லடை எப்ப கிழிஞ்சுது, யார் பொறுக்குனா, எங்க கொட்டுனோம், எல்லாம் சொல்றேன். பேர் இல்லாத குரலா எழுதுனீங்கன்னா அடுத்த மூட்டைக்குச் சாவி கிடையாது. முழுப் பேர்."

டீச்சர் பேனாவை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது. காது சிவந்துவிட்டது.

"அக்கா... உங்க பேரு..."

"பதிவேட்டுல முதல் பக்கத்துல இருக்கு. மூணு வருஷமா கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. புரட்டிப் பாருங்க."

அவள் புரட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது.

"பன்னெண்டே கால்," என்றார் கணவர். பின்னால் பஸ்கள் உறுமின. "வண்டி வந்து சேந்துச்சா?"

அவள் சொன்னாள். மூட்டை, நான்கு மணி, ஆறு மாதம், திங்கட்கிழமை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவள் முடித்த பிறகு அந்தப் பக்கம் பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. இரண்டு வருட முதுகலை, நான்கு வருட ஆய்வு. ஆறு வருடமும் அவருடைய ஒற்றைச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"அப்ப என்ன எழுதிக்கறது?" என்றார் கடைசியில். "கேன்சல்னு எழுதவா, லேட்டுன்னு எழுதவா?"

பெஞ்சின் மறுமுனையிலிருந்து பூட்டக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டு," என்றாள் டீச்சர்.

"லேட்டுன்னா வண்டி வரும். பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார் அவர். "பசையும் இன்னும் காயல."